அடுத்த ஞாயிற்றுக்கான காத்திருப்பு

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் புது டெல்லியின் அம்பேத்கர் விளையாட்டரங்கில் இந்திய மகளிர் கால்பந்து லீகின் முதல் இறுதிச்சுற்று தொடங்கிற்று. ஆறு நாட்கள் கழித்து, பிப்ரவரி 3ஆம் நாள் மாலை, மெல்போர்ன் நகரின் வடபகுதியிலுள்ள பிரின்சஸ் பார்க் மைதானத்தில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் மகளிர் லீக் தொடங்கிற்று. இரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள். ஒன்று உலகம் முழுதும் காலால் உதைத்து ஆடுவது. மற்றது முட்டை வடிவப் பந்தைக் கையிலும் ஏந்தி, காலாலும் உதைத்து, ஒரு கண்டத்துக்குள்ளேயே வளர்ந்தது. எனினும் ஒரே வாரத்தில் பிறந்த இவ்விரு லீகுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றுக்கு முன்னால் பல பத்தாண்டுகள் நீண்டு கிடந்த காத்திருப்பே அது.

இக்கட்டுரையில் அந்தக் காத்திருப்பின் வரலாற்றையே நாம் பார்க்கப் புகுகிறோம். நாம் நின்றுகொண்டு பார்க்கும் இடம் சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்துகிடக்கும் திருவள்ளூர் மாவட்டம். குறிப்பாக, கும்மிடிப்பூண்டியிலிருந்து பூந்தமல்லி வரை ஆலைகளும் விடுதிகளும் மண்டிய நிலப்பகுதி. மெல்போர்னுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தொடர்பு இல்லாமல் இல்லை. பெண்களின் கால்பந்து உலகில் முதன்முதலில் பெருங்கூட்டத்தைக் கண்டது ஆலை வாசலிலிருந்து புறப்பட்ட ஓர் அணியால்தான்.

*

முதலில் மெல்போர்னைப் பார்த்துவிடுவோம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து கிரிக்கெட்டின் நிழலில் பிறந்த ஆட்டம். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடலைப் பேணிக்கொள்ள ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் மெல்போர்ன் கால்பந்துக் கழகம் தனது விதிகளை எழுத்தில் வடித்தது. கிரிக்கெட் மைதானம் குளிர்காலத்தில் சும்மா கிடந்ததால் ஆட்டமும் அந்த நீள்வட்டத்தையே தன் களமாக வரித்துக்கொண்டது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. ஆடவர் அணியில் களத்தில் 18 பேர். மகளிர் லீகில் 16 பேர்.

பெண்கள் இந்த ஆட்டத்தை ஆடியதற்கு முதல் உலகப்போர்க் காலத்திலேயே சான்றுகள் கிடைக்கின்றன. 1915 முதலான ஆண்டுகளில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பெருங்கடைகளிலும் அவற்றைச் சார்ந்த தொழிற்கூடங்களிலும் வேலை பார்த்த பெண்கள் அணி சேர்ந்து ஆடினார்கள். போர் நிதிக்காக ஆடுகிறார்கள் என்பதால் சமூகம் அதைப் பொறுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்தப் பொறுமையும் முடிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்சியாட்டங்கள் நடந்தவண்ணம் இருந்தாலும், முறையான லீக் என்று ஒன்று அமைய 1981 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில்தான் விக்டோரியா மகளிர் கால்பந்து லீக் தொடங்கப்பட்டது. ஊதியம் கிடையாது, சீருடையை ஆடுபவரே வாங்க வேண்டும், ஆடவர் அணிகளுக்கு வேண்டாத மைதானமே கிடைக்கும். டெபி லீ என்பவர் அந்த லீகில் 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். பின்பு அதன் நிர்வாகத்தையும் ஏற்று நடத்தினார். தேசிய லீக் வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். லீக் வந்தபோது அவருடைய ஆட்ட வயது கடந்துவிட்டிருந்தது.

2013ஆம் ஆண்டு ஜூன் 29இல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற இரு கழகங்களின் பெயரில் பெண்கள் ஒரு காட்சியாட்டம் ஆடினார்கள். தேசிய லீக் 2020இல் தொடங்கும் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் ஆண்டுதோறும் நடந்த காட்சியாட்டங்களுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த வரவேற்பைக் கண்டு அமைப்பாளர்கள் அதை மூன்றாண்டு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2016 ஜூனில் எட்டுக் கழகங்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன: அடிலெய்டு, பிரிஸ்பேன், கார்ல்டன், காலிங்வுட், ஃபிரிமாண்டில், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ்.

அந்த அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடைப்பட்ட எட்டு மாதங்களே உண்மையான எதிர்பார்ப்பின் காலம். கூடைப்பந்திலிருந்தும் வேறு ஆட்டங்களிலிருந்தும் பெண்கள் திரும்பி வந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுடன் ஆடுவதற்குத் தடை விதிக்கப்பட்டதால் அந்தப் பந்தைக் கீழே வைத்தவர்கள் அவர்களில் பலர். எரின் ஃபிலிப்ஸ் கூடைப்பந்தில் உலக வாகையர் அணியில் ஆடியவர். அவருடைய தந்தை ஆடவர் கால்பந்தில் புகழ்பெற்ற வீரர். மகளுக்கு அந்த வழி சிறுவயதிலேயே அடைபட்டிருந்தது. முப்பதை ஒட்டிய வயதில்தான் மீண்டும் திறந்தது.

ஊதியம் குறித்த பேச்சும் அந்த மாதங்களிலேயே நடந்தது. அணிக்கு இருவராக நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு 27,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த நிலையினருக்கு 12,000. மற்றவர்களுக்கு முதலில் முன்வைக்கப்பட்ட தொகை 5,000தான். ஆட்டக்காரர்களின் சங்கம் வாதாடி அதை 8,500 ஆக உயர்த்திற்று. ஆகவே செவிலியரும் ஆசிரியரும் தச்சு வேலை பார்ப்பவரும் தம் பணியை விட்டுவிடாமல், மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள்.

தொடக்க ஆட்டத்துக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்தது ஒரு சிறு மைதானம். கூட்டம் கூடும் என்று தெரிந்ததும் பிரின்சஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். நுழைவு இலவசம். கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய அந்த மாலை 24,500க்கும் மேற்பட்டோர் உள்ளே நிறைந்ததும் கதவுகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். லீகின் தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் வாசலுக்கு வந்து அவர்களிடம் நேரில் வருத்தம் தெரிவித்தார். அன்று கார்ல்டன் 35 புள்ளி வித்தியாசத்தில் வென்றது என்பது புள்ளிவிவரம். வெளியே நின்றவர்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயிருந்து எழும் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் வரலாறு. யாருக்கும் ஆர்வமில்லை என்ற ஒற்றை வாதத்தால் ஒரு நூற்றாண்டைக் கடத்தியவர்களுக்கு அந்தக் கூட்டமே பதிலாயிற்று.

*

கதவுக்கு வெளியே கூட்டம் நிற்பது பெண்கள் கால்பந்துக்குப் புதிதன்று. அதற்கு 96 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் அது நிகழ்ந்துவிட்டது.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற நிறுவனம் டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்துவந்தது. முதல் உலகப்போரில் அது வெடிகுண்டு உறைகள் செய்யும் ஆலையாக மாறிற்று. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் இயந்திரங்களின் முன் வந்து நின்றார்கள். உணவு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கிய அவர்கள், 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வேறோர் ஆலையின் பெண்களுடன் டீப்டேல் மைதானத்தில் மோதினார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். வசூல் காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போயிற்று. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். வெளியே இடமின்றித் திரும்பியவர் பல்லாயிரம்.

ஓராண்டுகூட முழுதாகக் கழியவில்லை. 1921 டிசம்பர் 5இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்றும், சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரலாகாது என்றும் அது கூறிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சங்கத்துக்குப் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்யும் அதிகாரம் கிடையாது. ஆகவே அது மைதானத்தைத் தடைசெய்தது. அதுவே போதுமானதாக இருந்தது. 1971 வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அந்தத் தடை நீடித்தது.

டிக், கெர் பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. 1926இல் ஆலையின் ஆதரவும் அற்றுப்போனபோது பிரெஸ்டன் மகளிர் அணி என்று பெயரை மாற்றிக்கொண்டு 1965 வரை ஆடினார்கள். அவர்களில் தலைசிறந்தவரான லில்லி பார், மனநல மருத்துவமனை ஒன்றில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே பல்லாண்டுகள் ஆடினார். ஆலை அணியைப் பெற்றெடுத்தது, பின்பு கைவிட்டது, அணியோ ஆலையைத் தாண்டி வாழ்ந்தது. அவர்களுக்கு இல்லாமற்போனது ஒன்றுதான். அவர்களுக்கென்று ஒரு லீக் இருக்கவில்லை. காட்சியாட்டம் ஒவ்வொன்றாக, அழைப்பு வந்தால் ஆடுவதாக, அவர்களுடைய வாழ்நாள் கழிந்தது.

*

இந்தியாவின் கதை இதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. அது ஆடவர் கால்பந்தை நடத்திய அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குப் புறத்தே, தனியே இயங்கிற்று. 1980 தொடக்கத்தில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியா இரு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று தைவானிடம் தோற்றது. 1983இல் பாங்காக்கிலும் இந்தியாவுக்கு இரண்டாமிடம். அவ்வாண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார்; கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆசியாவில் இரண்டாமிடத்தில் நின்ற ஓர் அணிக்கு உள்நாட்டில் லீக் என்று ஒன்று இருக்கவில்லை என்பதை இன்று எண்ணிப்பார்க்க வியப்பாகத்தான் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கூட்டமைப்பு மகளிர் கால்பந்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டி நடந்துவந்தது. மணிப்பூர் மீண்டும் மீண்டும் வென்றது. அம்மாநிலத்தின் ஓயினம் பெம்பெம் தேவி 1995 முதல் இந்தியாவுக்காக ஆடியவர். 2016 பிப்ரவரியில், ஷில்லாங்கில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பயணம் முழுதும் இந்தியாவில் பெண்களுக்கெனத் தேசிய லீக் இல்லாமலே கழிந்தது. மெல்போர்னில் டெபி லீ எந்த இடத்தில் நின்றாரோ, இம்பாலில் பெம்பெம் தேவியும் ஏறத்தாழ அங்கேயே நின்றார். காத்திருப்பைப் பற்றிப் பேசும்போது நாம் இவர்களை மறக்கலாகாது. எதிர்பார்ப்பு என்பது இளையோருக்கு இனிப்பு. மூத்தோருக்கு அது கணக்கில் வராமற்போன வயது.

2016 அக்டோபரில் கட்டக்கில் தகுதிச்சுற்று நடந்தது. 2017 ஜனவரி 28இல் தொடங்கிய இறுதிச்சுற்றில் ஆறே அணிகள். மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கிளப், ஹரியாணா கிராமத்திலிருந்து வந்த அலக்புரா, ஐஸால், புனே சிட்டி. ஆறாவதாக, ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியின் அணி. எல்லா ஆட்டங்களும் ஒரே அரங்கில். பிப்ரவரி 14இல் மணிப்பூர் அணி 3–0 என வென்று கோப்பையை ஏந்தியது. முதல் தேசிய லீகின் இறுதிச்சுற்று மொத்தமாக நீடித்தது 18 நாட்கள்.

அந்த ஆறாவது பெயரில் நாம் சற்று நிற்க வேண்டும். ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி இருப்பது சுங்குவார்சத்திரத்தை அடுத்த குன்னத்தில். சுங்குவார்சத்திரத்திலிருந்து வடக்கே போகும் சாலை திருவள்ளூருக்குச் செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டையின் ஆலைகளும், ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனி பஸ்களும், வாடகைக்கு எடுத்த விடுதிகளும் சூழ்ந்த இடம். இந்திய மகளிர் லீகின் முதல் அத்தியாயத்தில் தமிழகத்தின் சார்பாக நின்ற ஒரே அணி இந்த ஆலைநிலத்தின் நடுவிலிருந்து போயிற்று. அரையிறுதியை அது எட்டவில்லை. அடுத்த ஆண்டு ஷில்லாங்கில் நடந்த இறுதிச்சுற்றில் அதன் பெயர் இல்லை. மதுரையின் சேது எஃப்.சி.யும், கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியும் அந்த இடத்துக்கு வந்தன. கல்லூரி அணிக்கு ஆயுள் குறைவு. படிப்பு முடிந்தால் ஆட்டக்காரர் போய்விடுவார். அவர் போன ஊரில் அணி இருந்தால்தான் ஆட்டம் தொடரும்.

*

இனி நம் நிலத்துக்கு வருவோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்படும் புறநகர் ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அதற்கப்பால் ஆந்திர எல்லை. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் அமைந்தபின் உருவாக்கிய பழைய தொழிற்பேட்டைகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. இரும்புருக்கு ஆலைகள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் ஆலைகள், வண்டிப் பாகங்கள் செய்யும் கூடங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது, வடக்கே கும்மிடிப்பூண்டியும் தெற்கே அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அதனுள் அடங்கின. பின்னர் தேர்வாய்கண்டிகையில் புதிய சிப்காட் வந்தது. ஊராரின் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் அதற்காக எடுக்கப்பட்டபோது மக்கள் போராடினார்கள். அங்கே இன்று டயர் ஆலை நிற்கிறது.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் கிராமங்களில் விளையாட்டுத் திடல் என்று தனியே ஒன்று இருந்ததில்லை. மந்தைவெளியும், வற்றிய ஏரிப்படுகையும், அறுவடை முடிந்த வயலும்தான் திடல். அங்கும் மாலையில் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம். பொதுநிலம் சுருங்கச் சுருங்க, முதலில் களத்தைவிட்டு வெளியேறுபவர்கள் பெண்பிள்ளைகள். பிரெஸ்டனில் ஒரு தீர்மானம் செய்த வேலையை இங்கே தீர்மானம் எதுவும் இல்லாமலே நில வரைபடம் செய்துவிடுகிறது.

ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்களை ஆலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அந்தத் தடை அரசியலமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை ஆகியவற்றுக்கு நிபந்தனைகளும் விதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மின்னணு ஆலைகள் வந்தன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1இல் அந்த ஆலை நின்றுபோனது. வேறு ஆலைகள் வந்தன. அண்மை ஆண்டுகளின் தொழில் கணக்கெடுப்புகளின்படி, இந்திய ஆலைகளில் நேரடியாக வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

அவர்கள் யார்? விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த பெண்கள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். ஒரு கால்பந்து அணி எந்த வயதில் ஆட்களைத் தேடுமோ அதே வயதில்தான் ஆலையும் தேடுகிறது. பள்ளியில் கபடியோ கோகோவோ வட்டார அளவில் ஆடியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு அந்த ஆட்டம் நின்றுபோயிருக்கும்.

அவர்களுடைய வாழ்வின் மறுபக்கத்தை 2021 டிசம்பரில் நாடு கண்டது. பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியின் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஓர் இரவு முழுதும் சாலை நின்றது. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அதன்பின் விடுதிகளைப் பற்றி அரசும் நிறுவனங்களும் பேசத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் பெருங்குடியிருப்பு ஒன்றை, 706 கோடி ரூபாய்ச் செலவில், அரசு திறந்துவைத்தது.

தூங்க இடமும் உண்ணத்தக்க உணவும் கிடைக்கவே நெடுஞ்சாலையில் அமர வேண்டியிருந்த இடத்தில், விளையாட்டு லீகைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

*

லீக் என்றால் என்ன? கோப்பைக்கான போட்டி ஒன்று எங்கும் நடக்கலாம். மூன்று நாளில் முடிந்துவிடும். தோற்றவர் முதல் நாளே ஊர் திரும்புவார். லீகின் இயல்பு வேறு. இன்று தோற்றாலும் அடுத்த ஞாயிறு ஆட்டம் உண்டு. அந்த அடுத்த ஞாயிறுதான் லீகின் உயிர். அது இருந்தால் புதன்கிழமை பயிற்சிக்குப் பொருள் உண்டு. காயத்துக்கு மருத்துவம் தேடுவதற்கு அவசியம் உண்டு. பயிற்சியாளருக்கு வேலை உண்டு. பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்களுக்கு மறுக்கப்பட்டது பந்து என்பதைவிட, தொடர்ச்சி என்பதே பொருந்தும். போர்க்கால நிதிக்கு ஆடு, விழாவுக்கு ஆடு, காட்சிக்கு ஆடு. பிறகு போய்விடு என்பதே எங்கும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

ஆலைப்பெண்ணின் வாழ்வில் இல்லாததும் இதுதான். ஷிப்டு வாரந்தோறும் மாறும். விடுப்பு எந்த நாளில் என்பது முன்கூட்டித் தெரியாது. காண்டிராக்ட் எப்போது முடியும் என்பதும் தெரியாது. மூன்றாண்டு, நான்காண்டு சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பித் திருமணம் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அடுத்த ஞாயிற்றைத் தன் விருப்பப்படி குறித்துவைக்க முடியாத ஒருத்தி எந்த அணியிலும் நிலைத்து ஆட முடியாது. ஆகவே ஒரு வட்டாரத்தில் பெண்கள் லீக் நடக்கிறது என்றால், அங்கே பெண்களுக்கு விடுமுறை உறுதியாகிவிட்டது, மாலையில் வெளியே போய்த் திரும்ப வாகனம் இருக்கிறது, விடுதிக் காவலர் கதவைத் திறக்கிறார், வீட்டார் அனுமதிக்கிறார்கள் என்று பொருள். லீக் அந்த மாற்றங்களின் விளைவு. பல நேரங்களில் அவற்றுக்கான நெருக்குதலும் அதுவே.

இதைச் செய்துகாட்டியவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்குக் காலத்தில் சென்னைத் தெருக்களில் அவர் காவல்பணி பார்த்ததை நாளிதழ்கள் எழுதின. அரசு வேலை அவருக்குத் தந்தது ஊதியத்தை மட்டுமன்று. ஆட்டத்துக்குப் போகவும் திரும்பிவரவும் ஓர் உறுதியையும் தந்தது. ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டின் மூலம் பல்லாண்டுகளாகச் செய்துவரும் காரியம் இது. தனியார் ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் அதற்கு நிகரான ஓர் ஏற்பாட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

*

2017க்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். எதிர்பார்ப்பைப் பற்றி எழுதிவிட்டு நிறைவேற்றத்தைப் பற்றி வாய்மூடுவது முறையன்று.

ஆஸ்திரேலியாவில் அந்த முதல் பருவம் மார்ச் 25இல் முடிந்தது. அடிலெய்டு, பிரிஸ்பேனை ஆறே புள்ளியில் வென்றது. இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் எரின் ஃபிலிப்ஸ். எட்டு அணிகள் 2022 ஆகஸ்டுக்குள் பதினெட்டு ஆயின. ஆடவர் லீகின் கழகங்கள் அனைத்துக்கும் மகளிர் அணி வந்துவிட்டது. குறைகளும் தொடர்ந்தன. ஆடவர் பருவம் தொடங்கும் முன் கிடைத்த கோடை வாரங்களில்தான் முதல் ஆறாண்டுகள் மகளிர் லீக் நடந்தது. 2019இல் டெய்லா ஹாரிஸ் என்ற ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் படம் வெளியானபோது அதன்கீழ் இழிவான வசைகள் குவிந்தன. அதே படம் சில மாதங்களில் மெல்போர்னின் நடுச்சதுக்கத்தில் வெண்கலச் சிலையாக நின்றது.

இந்தியாவில் 2019 மே மாதம் லூதியானாவில் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என வென்று தேசிய லீகின் கோப்பையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. மாநிலங்களின் தேசியப் போட்டியில் தமிழ்நாடு 2018இல் கட்டக்கில் மணிப்பூரையும், 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியாணாவையும் இறுதியாட்டத்தில் வென்றது. 2023–24 பருவத்திலிருந்து லீக் ஒரே ஊரில் நடப்பது நின்று, அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. 2025 ஜூலை 5இல் தாய்லாந்தை 2–1 என வென்ற இந்திய அணி, ஆஸ்திரேலியாவில் 2026 மார்ச்சுக்குக் குறிக்கப்பட்ட ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதிச்சுற்றில் ஆடியே தகுதிபெற்றது. பதினெட்டு நாட்கள் நீடித்த ஒரு சிறு தொடக்கத்துக்கு எட்டாண்டில் கிடைத்த பலன் இது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அந்தப் பட்டியல்களில் மதுரை இருக்கிறது, கடலூர் இருக்கிறது, ஒருமுறை சுங்குவார்சத்திரம் இருந்தது. கும்மிடிப்பூண்டி என்ற பெயரை நாம் இன்னும் அதில் காணவில்லை. டிக், கெர் பெண்கள் பந்தை எடுத்தது ஆலை முற்றத்தில். பெர்த் பெண்கள் எடுத்தது கடையின் தொழிற்கூடத்தில். உலகின் மகளிர் கால்பந்து எந்த மண்ணில் முதலில் முளைத்ததோ அதே வகை மண் நம்மிடம் இருக்கிறது. இளம்பெண்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே வயதில், ஒரே உழைப்பில் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும் இடம் தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்குமுன் இந்த அளவில் இருந்ததில்லை. அவர்கள் ஒன்றுகூடி ஒரு நெடுஞ்சாலையையே நிறுத்த வல்லவர்கள் என்பதை 2021 டிசம்பர் காட்டிவிட்டது. ஒரு பந்துக்காகவும் அவர்கள் கூடக்கூடும்.

அதற்குப் பெரிய அரங்கு தேவையில்லை. கூட்டம் வருமா என்ற கேள்விக்குக் குடிசன் பார்க்கும் பிரின்சஸ் பார்க்கும் இருமுறை விடையளித்துவிட்டன. சிப்காட் எல்லைக்குள் கட்டடம் எழாத ஒரு மனை, இரண்டு கம்பம், நான்கு ஆலைகளிலிருந்து நான்கு அணி, ஷிப்டு பட்டியலில் மாற்றமின்றிக் குறிக்கப்பட்ட ஒரு ஞாயிறு மாலை, அவ்வளவே போதும். நிலத்தைத் தர வேண்டியவர்கள், நேரத்தைத் தர வேண்டியவர்கள் யார் யார் என்பதும் அனைவருக்கும் தெரிந்ததே. டெபி லீயும் பெம்பெம் தேவியும் காத்திருந்த காலம் திரும்ப வராது. இன்று இருபது வயதில் ஓர் ஆலையின் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஆடும் வயது இன்னும் பத்தாண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை ஞாயிறுகள் அவளுடையவை ஆகும் என்பதுதான் நம் முன் உள்ள கணக்கு.